ரெண்டு ஷெட்டுக்கு நடுவுல எவ்வளவு தூரம்?

போன தீபாவளிக்கு மூணு வாரம் முன்னாடி சிவகாசியில மச்சானோட அச்சகத்துல உட்கார்ந்திருந்தேன். காலண்டர் ஆர்டர் குவியும் நேரம். காலை பதினோரு மணிக்கு இணையம் போச்சு. மச்சான் பதறவே இல்லை. "ரெண்டு லைன் வாங்கிப் போட்டிருக்கேன் மாப்ள, ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்" என்றார். எடுக்கவில்லை. சாயங்காலம்தான் காரணம் தெரிந்தது. ஊருக்கு வெளியே குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி இரண்டு கேபிளையும் ஒரே அள்ளாக அள்ளிவிட்டது. இரண்டு கம்பெனி, இரண்டு பில், ஒரே பள்ளம்.

அன்று ராத்திரி, ரொம்ப நாளாகப் படிக்காமல் வைத்திருந்த ஒரு தரநிலையை எடுத்தேன். ஐ.இ.இ.இ. 802.1க்யூபிஎஃப், 2011-ல் வந்தது. கேரியர் எதர்நெட்டில் ஒரு பாதையின் நடுத்துண்டு அறுந்தால், அந்தத் துண்டை மட்டும் மாற்று வழிக்குத் திருப்புவது எப்படி என்பதுதான் அதன் விஷயம். படித்து முடித்தபோது மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் பின்னணி. எதர்நெட் ஒரு கட்டடத்துக்குள் புழங்கப் பிறந்தது. யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று ஸ்விட்ச் தானாகவே கற்றுக்கொள்ளும். தெரியாவிட்டால் எல்லாப் பக்கமும் பரப்பும். ஊர் விட்டு ஊர் டிராஃபிக் கடத்துகிற கம்பெனிக்கு இந்தக் குணம் ஆகாது. அதனால் 2009-ல் வந்த 802.1க்யூஏஒய், அதாவது பிபிபி-டிஇ, கற்றுக்கொள்வதையும் பரப்புவதையும் நிறுத்தியது. பாதையை மனுஷன் போடுவான், ஸ்விட்ச் அதன்படி நடக்கும். ஆனால் அப்படிப் போட்ட பாதை அறுந்தால் ஸ்விட்ச் தானாக வேறு வழி தேடாது. மாற்றுப் பாதையையும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். 2009 தரநிலை அதைக் கோடிக்குக் கோடிதான் செய்தது. மதுரையிலிருந்து சிவகாசிக்கு ஒரு பாதை இருந்து, அது திருத்தங்கல் பக்கம் அறுந்தாலும், மாற வேண்டியது மதுரை முனைதான்.

க்யூபிஎஃப் இங்கேதான் உள்ளே வருகிறது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் உள்ளதை ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் ரோடு ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகப் போகிறது. அது வேலை செய்யும் துண்டு. சாத்தூர் வழியாகச் சுற்றி வருவது காப்புத் துண்டு. விருதுநகரிலும் சிவகாசியிலும் உள்ள இரண்டு ஸ்விட்சுகள் மட்டும் கண்விழித்திருந்து, நேர் வழி செத்தால் தங்கள் அட்டவணையில் வெளியேறும் போர்ட்டை மாற்றிக்கொள்ளும். ஃப்ரேமில் ஒரு எழுத்துகூட மாறாது, புது டேக் எதுவும் ஒட்டாது. மதுரைக்கு நடந்ததே தெரியாது.

இதிலுள்ள சிக்கனத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் சிசிஎம் செய்தியை 3.33 மில்லி செகண்டுக்கு ஒன்று அனுப்பினால், செகண்டுக்கு 300. மூன்றரை இடைவெளி மௌனம் என்றால், சுமார் 12 மில்லி செகண்டில் கோளாறு தெரிந்துவிடும். அந்தத் துண்டு வழியாக 500 பாதைகள் போகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றையும் கோடிக்குக் கோடி இதே வேகத்தில் கண்காணித்தால், ஒரு திசைக்கு மட்டும் செகண்டுக்கு 1,50,000 செய்தி. துண்டையே கண்காணித்தால் 300 போதும். மேல் அடுக்குக் காப்பும் கீழ் அடுக்குக் காப்பும் ஒரே நேரத்தில் துள்ளாமல் இருக்க, 0 முதல் 10 செகண்ட் வரை பொறுத்துப் பார்க்கும் டைமர் இருக்கிறது. அறுந்த வழி சரியானதும் உடனே திரும்பி ஓடாமல் சில நிமிஷம் காத்திருக்கும் டைமரும் இருக்கிறது. காற்றில் ஆடும் கம்பத்துக் கேபிளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நல்ல வேலை, சந்தேகமே இல்லை.

சரி, கோபம் எதுக்கு?

காப்புக் குழு ஒன்றை அமைக்க அந்தத் தரநிலை என்னென்ன கேட்கிறது என்று பாருங்கள். எது வேலைத் துண்டு, எது காப்புத் துண்டு, டைமர் எவ்வளவு. ஒன்றுக்கு மேல் காப்புத் துண்டு வைக்கவும் வழி உண்டு. ஆனால் இந்த இரண்டு துண்டும் மண்ணுக்குள் எந்த வழியாகப் போகின்றன என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஒரே பள்ளத்தில் போகும் இரண்டு கேபிளை ஒன்றுக்கொன்று காப்பு என்று எழுதினாலும் ஸ்விட்ச் ஏற்றுக்கொள்ளும், பச்சை விளக்கு எரியும்.

"அது பிரிட்ஜோட வேலை இல்லை, பிளானிங் ஆளோட வேலை" என்று சொல்வார்கள். நியாயம்தான், அடுக்கு பிரித்து வேலை செய்வது நல்ல பழக்கம். ஆனால் ஜிஎம்பிஎல்எஸ் ஆட்கள், ஒரே ஆபத்தைப் பங்கிடும் இணைப்புகளுக்குப் பொதுவான எண் கொடுக்கும் வழியை 2005-லேயே எழுதிவிட்டார்கள். ஒரே பள்ளம் என்றால் ஒரே எண், அவ்வளவுதான். பாதையைக் கையால் போடச் சொல்லும் தரநிலைக்கு அந்த எண் இன்னும் அவசியம். ஏனென்றால் இங்கே தவறைப் பிடிக்க வேறு யாரும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இது புரியாத ஆளே கிடையாது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் ஷெட்டும், மருந்து அடைக்கும் ஷெட்டும் தனித்தனி. நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கு வெடிபொருள் விதிகள் இருக்கின்றன. அந்த இடைவெளி வெடிப்பைத் தடுக்காது. ஒன்று வெடித்தால் அடுத்தது சேர்ந்து போகாமல் இருக்கத்தான் அந்தத் தூரம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடி ஓர் அறையோடு நிற்கவில்லை. 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஷெட் எத்தனை என்று எண்ணுவது பாதுகாப்பு ஆகாது, நடுவில் உள்ள தூரத்தை அளக்க வேண்டும் என்பதை இந்த ஊர் உயிர் கொடுத்துக் கற்றது. நெட்வொர்க்காரர்கள் இன்னும் ஷெட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பிபிபி-டிஇ சந்தையில் எம்பிஎல்எஸ்ஸிடம் தோற்றுவிட்டது, செத்த பாம்பை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கலாம். தோற்றது அந்தத் தொழில்நுட்பம்தான், இந்தக் குறை எல்லா இடத்திலும் உயிரோடு இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய ஆப்டிகல் ஃபைபர் திட்டம், பின்னால் பாரத்நெட், ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்குக் கிளை கிளையாகப் போனது. ஒரு கிளை அறுந்தால் அதற்குக் கீழே எல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் வளையத்துக்கு மாறியது. சந்தோஷம். ஆனால் போகிற வழியும் வருகிற வழியும் ஒரே ரோட்டு ஓரத்தில் இருந்தால், அது படத்தில் மட்டும்தான் வளையம். மண்ணில் அது மடித்த கயிறு.

இதில் பணயம் காலண்டர் ஆர்டர் மட்டும் இல்லை. செல்போன் டவரின் பின்னால் இருப்பதும் இதே கேபிள்தான். டவர் நிற்கும், சிக்னல் கோடும் தெரியும், 108-க்குப் போட்டால் போகாது. வெம்பக்கோட்டைப் பக்கம் மத்தியானம் ஒரு சத்தம் கேட்கிறது என்றால் அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு பெரியது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். 50 மில்லி செகண்டுக்குள் மாறுவேன் என்ற வாக்குறுதி, மாறுவதற்கு இன்னொரு வழி உயிரோடு இருந்தால்தான் செல்லும்.

நான் கேட்பது சின்ன விஷயம். காப்புக் குழுவில் ஒவ்வொரு துண்டுக்கும், எந்தப் பள்ளம், எந்தக் கம்ப வரிசை, எந்தப் பாலம் என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும். இரண்டிலும் ஒரே பெயர் வந்தால் பச்சை விளக்கு எரியக் கூடாது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் முக்கோணத்தில் தனித்தனி ரோடு ஏற்கெனவே இருக்கிறது. ஊரை விட்டு வெளியேறும் முதல் கிலோமீட்டரில்தான் எல்லாம் ஒன்றாகக் கூடுகிறது. முதலில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

மச்சான் இப்போ ரெண்டு கம்பெனிக்கும் ஒரே கேள்வி கேட்டு எழுதியிருக்கார்: "உங்க கேபிள் எந்த ரோடு வழியா வருது?" கேட்டுச் சொல்றோம்னு ரெண்டு பேரும் பதில் போட்டிருக்காங்க. அடுத்த தீபாவளிக்குள்ள சொல்லிட்டா நல்லது.