உடுக்கும் அதனைச் செய்த கையும்

கிழக்கிலங்கைச் சடங்குகள் பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் பாடலில் தொடங்கிப் பாடலிலேயே முடிவடைகின்றன. 1964இல் வெளிவந்த பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' முதலிய நூல்கள் இத்துறையில் ஆற்றிய பணி பெரிது. எனினும், அப்பாடல்களைத் தாங்கிநின்ற கருவியும் அதனைச் செய்த தொழிலாளியும் உரிய கவனம் பெறாமை ஏன் என்ற வினாவை நாம் எழுப்பவேண்டியுள்ளது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த ஊர்களின் அம்மன் சடங்குகளில் ஒலிக்கும் உடுக்கை எடுத்துக்கொள்வோம். பலா போன்ற மரத்தைக் குடைந்து, இடை ஒடுங்க இழைத்து, இரு முகங்களிலும் தோல் போர்த்து, கயிற்றாற் பிணைத்து ஆக்கப்படுவது அது. சுவர் தடித்தால் ஒருகையில் நெடுநேரம் ஏந்த இயலாது. மெலிந்தால் மரம் வெடிக்கும். மாரிக்காலத்து ஈரக் காற்றிலே தோல் தளரும். அனலிற் காட்டி இறுக்குவர். இடைக்கயிற்றை அழுத்தத் தோல் இறுகிச் சுருதி ஏறும், விட இறங்கும். உருவேறுபவரைப் படிப்படியாக இட்டுச் செல்வது இவ்வேற்ற இறக்கமும் விரைவுபடும் தாளமுமே. எனவே சடங்கின் பயன் பாடலின் பொருளில் மட்டுமன்றி, மரத்தின் அளவிலும் தோலின் இறுக்கத்திலும் தங்கியுள்ளது.

உடுக்கொலி நோயைத் தீர்க்கும் என்பார் ஒருசாரார். மூடநம்பிக்கை என்று ஒதுக்குவார் மறுசாரார். இரண்டும் குறைபாடுடைய நோக்குகளே. அம்மாளின் சீற்றமெனக் கருதப்பட்ட பெரியம்மை ஒழிந்ததென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனை ஒழித்தது தடுப்பூசியே. ஆயினும் சடங்கு மறையவில்லை. அச்சத்தையும் இழப்பையும் ஊர் கூடித் தாங்குவதற்கான வழியாக அது நிலைத்தது.

உடுக்கின் இனத்தைச் சேர்ந்த கண்டிய உடெக்கி, அரக்குப் பூசிய கலைப்பொருளாக மதிப்புப் பெற்றுள்ளது. நமது உடுக்குக்கு அம்மதிப்புக் கிட்டாமை தற்செயலானதன்று. தோலின் ஓசையை ஏற்றுக்கொண்ட சாதியமைப்பு, தோலைப் பதப்படுத்திய கையை இழிவென ஒதுக்கியது. ஏட்டை மட்டும் போற்றும் ஆய்வு, தன்னை அறியாமலே அப்பாகுபாட்டைத் தொடர்கின்றது.

2006இல் மூதூர் கிழக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். சம்பூர்க் காணிகள் 2015 முதலே படிப்படியாக விடுவிக்கப்பட்டன. இடிந்த கோயிலை மீளக் கட்டலாம். பாடலை ஏட்டிலிருந்து மீட்கலாம். உளி பிடித்த கையின் பழக்கத்துக்கோ ஏடில்லை. ஆதலின் மரத்தெரிவு, குடையும் முறை, தோல் போர்த்தும் நுட்பம் ஆகியவற்றைத் தொழிலாளியின் சொற்களிலேயே பதிவு செய்வது ஆய்வாளரின் உடனடிக் கடமை எனக் கருதுகின்றோம்.