முடிந்து வைத்த காசு

காவிரிப் படுகையின் வீடுகளில் பூசை மாடத்து ஆணியிலோ சாமி படத்தின் ஓரத்திலோ தொங்கும் சிறிய மஞ்சள் முடிச்சு, தோற்றத்தில் எளியதாயினும், தமிழர் வழிபாட்டின் மிக அழகிய வடிவங்களுள் ஒன்றாகும். குழந்தையின் காய்ச்சல் தணியாதபோதும், மேயப் போன மாடு இருட்டியும் திரும்பாதபோதும், நாற்றங்காலுக்குத் தண்ணீர் எட்டாதபோதும், வெள்ளைத் துணித் துண்டொன்றை மஞ்சள் நீரில் நனைத்து, ஒரு ரூபாய்க் காசை அதில் வைத்து, குலதெய்வத்தையோ வைத்தீஸ்வரன்கோயில் முத்துக்குமாரசுவாமியையோ நினைந்து முடிவதே ‘காசு முடிதல்’ எனப்படுகிறது. கோயில் உண்டியலில் சேரும்வரை, எத்தகைய நெருக்கடியிலும் அக்காசை வீட்டுச் செலவுக்கு எடுப்பதில்லை.

தஞ்சையை அடுத்த புன்னைநல்லூரில் இவ்வேண்டுதல் வழக்கம் மேலும் நுண்மை பெறுகிறது. மூலவர் புற்றுமண்ணால் ஆனவராதலின் நீராட்டுக்கு மாறாகத் தைலக்காப்பு சாத்தப்பெறும் அவ்வூர் மாரியம்மன் கோயிலில், கட்டியும் பருவும் மறைய வேண்டுவோர் குளத்தில் வெல்லம் இடுகின்றனர். வெல்லம் நீரில் கரைவதுபோல் கட்டியும் கரையும் என்பது அவர்தம் நம்பிக்கை. வைத்தீஸ்வரன்கோயிலிலோ தோல் நோய் தீர உப்பும் மிளகும் செலுத்தப்படுகின்றன. அடுக்களையில் இருப்பதே காணிக்கையாக ஏற்கப்படுவதால், வறியவர் எவரும் தம் சிறு குறையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இவ்வழக்கத்தின் பெருஞ்சிறப்பும் இதுவே.

கடலோரம் சென்றால் சமயம் மாறுகிறதேயன்றி வேண்டுதல் மாறுவதில்லை. வேளாங்கண்ணி மாதா பேராலயத்தில், கண், கை, கால் என நலம்பெற்ற உறுப்புகளின் வடிவில் செய்த உலோகத் தகடுகளை மக்கள் செலுத்துகின்றனர். இத்தகைய காணிக்கைகளுக்கென்றே அங்கு ஒரு காட்சியகம் உள்ளது.