மில்லிலீற்றர் மட்டும் போதுமா?

வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள அழகுசாதனக் கடைகளில் பல நாட்டுக் கிரீம்களும் ஷாம்பூக்களும் அருகருகே விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றை ஒரே கணக்குக்குள் கொண்டுவருவது மெற்றிக் அலகு. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இலங்கையின் அளவீட்டு முறையை ஒழுங்குசெய்கிறது. லேபல், விலை, பொதி பற்றி வணிகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வழங்கியது.

மெற்றிக் முறையின் முதல் நன்மை, ஐயத்துக்கு இடம் வைக்காமை. அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லிலீற்றர், பிரித்தானியத் திரவ அவுன்ஸ் 28.41. நிறையைக் குறிக்கும் அவுன்ஸ் 28.35 கிராம். ஆகவே 8 திரவ அவுன்ஸ் என்பது அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 237 மில்லிலீற்றர், பிரித்தானியக் கணக்கில் 227. அமெரிக்காவே 1992இல் சட்டத்தைத் திருத்தி, நுகர்பொருள் பொதிகளில் மெற்றிக் அளவையும் குறிக்கச் சொன்னது.

ஆனால், அளவைச் சரியாக அச்சிட்டால் மட்டும் வாங்குபவருக்கு நியாயம் கிடைத்துவிடாது. 100 மில்லிலீற்றர் ஷாம்பூ 900 ரூபா, 85 மில்லிலீற்றர் 800 ரூபா என்று வைத்துக்கொள்வோம். விலையை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதையே எடுப்பார். மில்லிலீற்றருக்கு முதலாவது 9 ரூபா, இரண்டாவது 9.41 ரூபா. விலையை ஏற்றாமல் அளவைக் குறைக்கும் நிறுவனத்துக்கு, இந்த வித்தியாசம் கண்ணில் படாதிருப்பது வசதியாகிவிடுகிறது.

இரண்டாவது குறை, லேபலை வாசிப்பதில் உள்ள சிரமம். இறக்குமதியாளர் ஒட்டும் ஸ்டிக்கர் மூல லேபலில் உள்ள அளவையோ காலாவதித் திகதியையோ மறைத்தால், லேபல் விதியின் பயன் அங்கேயே போய்விடும். பயணப் பொதிகளில் வந்து விற்பனைக்குப் போகும் பொருட்களில் இறக்குமதியாளரின் பெயரே இருப்பதில்லை. குறை நேர்ந்தால் யாரிடம் கேட்பது?

இந்தியா தனது 2011ஆம் ஆண்டுப் பொதிப் பொருள் விதிகளை 2021இல் திருத்தி, அலகு ஒன்றின் விலையையும் பொதியில் அச்சிட வேண்டும் என்றது. இலங்கைக்கும் அது வேண்டும். அளவும் அலகு விலையும் ஸ்டிக்கரால் மறைக்கப்படாமல், தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக இருக்க வேண்டும். மெற்றிக் விதி நல்ல அடித்தளம். ஒப்பிடும் வசதி இல்லாதவரை அது அரைப் பாதுகாப்புத்தான். வாங்குவோரும் விலைக்கு முன் அளவைப் பாருங்கள். லேபலில் தவறு கண்டால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகார சபையிடம் முறையிடுங்கள்.