குழாய் உவமையின் போதாமை

தமிழ் மருத்துவ எழுத்தில் மாரடைப்பு என்றதும் அழுக்கடைத்த குழாய் என்னும் உவமையே முன்னிற்கிறது. எளிதில் விளங்கும், ஆனால் பாதியை மறைத்துவிடும். குருதிக்குழாயின் உட்புறத்தை ஒற்றை உயிரணு அடுக்காகப் போர்த்தியுள்ள எண்டோதீலியம் வெறும் பூச்சன்று. குழாய் விரிவதற்கான சமிக்ஞை அதிலிருந்து பிறப்பதை 1980இல் ஃபர்ச்காட் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு எனப் பின்னர்த் தெளிந்தது. 1998இல் நோபல் பரிசும் வந்தது. உயர் குருதியழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகியவை அப்படலத்தின் செயலை முதலில் குலைக்கின்றன. அடைப்பு அதன்பின் மெல்ல வளர்வது.

கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுதோறும் தரும் அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் இம்முற்கட்டத்திலேயே தேவைப்படுபவை. “வலியுமில்லை, அடைப்புமில்லை; மாத்திரை எதற்கு?” என்று ஓசூர்த் தொழிலாளி ஒருவர் கேட்டால், குழாய் உவமையிடம் விடையில்லை.