வளைவது ஒளியா, வாதமா?

உலகம் உருண்டை என்று நான்காம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளையின் அண்ணன், கல்லூரி வாசலை மிதித்தவன், கையிலே கைப்பேசியை வைத்துக்கொண்டு, "உருண்டை என்பதற்கு என்ன சான்று? கண்டவர் யார்?" என்று கேட்கிறான். கேட்கட்டும்! கேள்வி கேட்பதைக் குற்றமென்று கூறும் கூட்டத்தாரல்லர் நாம். ஆனால் அவன் கேள்வியோடு நிற்கவில்லை. விடையொன்றையும் கையோடு கொண்டு வருகிறான். அந்த விடையைத்தான் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விடை இது: கரையை விட்டு அகலும் கப்பலின் அடிப்பகுதி முதலிலும் பாய்மரம் கடைசியிலும் மறைவது, கடல் வளைந்திருப்பதால் அன்று, ஒளி வளைவதால். ஈர்ப்பு ஒளியை வளைக்கும் என்று ஐன்ஸ்டீனே கூறிவிட்டார். ஆகவே உலகம் தட்டை, வளைந்து வருவது ஒளி, ஏமாறுவது கண்!

என்னே சாமர்த்தியம்! பூமியைப் பாயாகச் சுருட்டிக்கொண்டு கடலுக்குள் புகுந்தான் இரணியாட்சன் என்றார் புராணிகர். கடல் இருப்பதே பூமியின் மேல்தானே, எந்தக் கடலுக்குள் புகுந்தான் என்று கேட்டால் அவர் முகம் கோணினார். அவருடைய பேரன் முகம் கோணுவதில்லை. ஐன்ஸ்டீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறான். நல்லது, சாட்சி வந்துவிட்டார். குறுக்கு விசாரணையை நாம் நடத்துவோம்.

முதற் கேள்வி: ஈர்ப்பு ஒளியை எந்தப் பக்கம் வளைக்கும்? கீழ்நோக்கி. எறிந்த கல் விழுவதுபோல் ஒளியும் விழும். உலகம் தட்டை, ஒளி கீழ்நோக்கி வளைகிறது என்றே வைத்துக்கொள்வோம். தேவனாம்பட்டினக் கரையில் நிற்பவன் கண்ணுக்கு என்ன தெரியும்? தொலைவிலுள்ள படகின் அடியிலிருந்து சற்றே மேல்நோக்கிக் கிளம்பிய கதிர், வளைந்து இறங்கி அவன் கண்ணை அடையும். கதிர் கடைசியாக வந்த திசையிலேதான் கண் பொருளை வைத்துப் பார்க்கும். ஆகவே படகு தூக்கிப் பிடித்தாற்போல் மேலே தோன்றும். கடல், விளிம்பு உயர்ந்த கிண்ணமாகக் காட்சி தரும். அடி மறையவே மறையாது! அடி மறைய வேண்டுமானால் ஒளி மேல்நோக்கி வளைய வேண்டும். ஈர்ப்பு மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்படி இழுக்குமானால் படகென்ன, பார்ப்பவனே கரையில் நின்றிருக்க மாட்டான்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு வளைக்கும்? 10 கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு வேண்டிய நேரம் ஒரு வினாடியில் 30,000இல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் அது விழும் தொலைவு, ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் கூறாக்கினால் அதிலே ஒரு கூறு. கடல் மட்டத்தை ஒட்டி நேர்கோடொன்று இழுத்தால், அதே 10 கிலோமீட்டருக்கப்பால் கடல் அக்கோட்டைவிட ஏறத்தாழ 8 மீட்டர் தாழ்ந்திருக்கும். ஒன்றுக்கொன்று நூறு கோடி மடங்குக்கும் மேல் வேறுபாடு. கொசுவின் நிழலில் கோபுரம் மறைந்தது என்பது போன்றது இந்த வாதம்.

காற்று ஒளியை வளைப்பது மெய். தரையை ஒட்டிய காற்று அடர்ந்தும் மேலே போகப்போக நெகிழ்ந்தும் இருப்பதால், பெரும்பாலும் அதுவும் கீழ்நோக்கியே வளைக்கிறது. நாம் சற்றுக் கூடுதலான தொலைவு பார்க்க உதவுகிறது. கடலின் தாழ்வில் ஏழிலொரு பங்கு அளவுக்கு அது ஈடுகட்டும். சுடுமணலிலும் தார்ச்சாலையிலும் அது மேல்நோக்கி வளைத்துக் கானலைக் காட்டுவதும் உண்டு. ஆனால் கானல், வெயிலோடு வந்து வெயிலோடு போவது. படகு மறைவதோ வைகறையிலும் உண்டு, மாலையிலும் உண்டு, மார்கழியிலும் உண்டு.

சாட்சி கலைந்துவிட்டார் என்று கைதட்டுமுன், நம் பக்கமும் திரும்பிப் பார்ப்பது நேர்மை. நம் தோழர்கள் சிலர் தட்டை வாதத்துக்கு விடையாக 1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் கிரகணத்தை எடுத்து வீசுகிறார்கள். "எடிங்டன் ஒளியின் வளைவை அளந்துவிட்டார், ஆகவே உலகம் உருண்டை!" இது எங்ஙனம் பொருந்தும்? பிரின்சிப்பித் தீவிலும் பிரேசிலின் சோப்ராலிலும் அன்று அளக்கப்பட்டது, கதிரவனின் ஈர்ப்பு விண்மீன் ஒளியை வளைக்கும் அளவு. கதிரவனின் விளிம்பை உரசிவரும் கதிருக்கு அது 1.75 விகலை. விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. 1922ஆம் ஆண்டுக் கிரகணத்தில் இதையே அளக்க நம் கொடைக்கானல் வானாய்வகத்தின் எவர்ஷெட், ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரை வரை சென்றார். அவர் கருவி கைகொடுக்கவில்லை. அங்கு வந்திருந்த அமெரிக்க லிக் வானாய்வகத்தார் அளந்து உறுதி செய்தனர். அரிய செயல்கள்தாம்! ஆனால் இவற்றிலே உலகின் வடிவம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐன்ஸ்டீன் பெயரைச் சொன்னதும் எதிரி வாயடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மந்திரம் ஓதுபவனின் எதிர்பார்ப்பு. "வேதத்தில் இருக்கிறது" என்பவரை எள்ளி நகையாடிவிட்டு, வகுப்பறைக்குள் வந்து "பாடநூலில் இருக்கிறது, எழுது" என்போமானால் நமக்கும் அவருக்கும் வேட்டியின் கரையில்தான் வேறுபாடு.

அதுமட்டுமன்று. தட்டை வாதிகளில் சற்றுப் படித்தவர்கள் வேறொரு கதை வைத்திருக்கிறார்கள். ஈர்ப்பே இல்லையாம், தட்டையான உலகம் ஓயாமல் விரைவு கூடிக்கூடி மேலே ஏறுகிறதாம், அதனால்தான் பொருள்கள் விழுவதுபோல் தோன்றுகிறதாம். சிரித்துத் தள்ளிவிட முடியாத கதை இது. மேலேறும் பெட்டிக்குள் இருப்பவனுக்கும் ஈர்ப்புள்ள தரையில் நிற்பவனுக்கும் ஒளி ஒரே மாதிரியாகவே வளையும் என்பது ஐன்ஸ்டீனின் அடிப்படைக் கருத்து. 1960இல் ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு ஒளியின் அதிர்வெண்ணை மாற்றுவதை அளந்தார்களே, அந்தச் சோதனையும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஓரிடத்தில் நின்று, ஒரு கருவியைக் கொண்டு, ஒளி வளைகிறதா என்று பார்ப்பதால் உலகின் வடிவம் தெரியவே தெரியாது. இடத்துக்கு இடம், உயரத்துக்கு உயரம் ஒப்பிட வேண்டும்.

உயரத்தை ஒப்பிட்ட கணக்கு நம் மீனவர் கையிலேயே இருக்கிறது. கடலூர் விசைப்படகுகளில் உள்ள ஜி.பி.எஸ். கருவிக்குச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் அங்குள்ள கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 45 பங்கு முந்துகிறது, ஓடும் வேகத்தால் 7 பங்கு பிந்துகிறது, மிச்சம் 38. இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை ஏற்படும். வலை விரித்த இடம் ஒன்று, கருவி காட்டும் இடம் வேறொன்று. இப்போது தட்டை உலகத்தின் மாறாத விரைவேற்றத்தைக் கொண்டு அதே உயரத்துக்குக் கணக்கிடுவோம். வருவது 45 அன்று, 190! நான்கு மடங்குக்கும் மேல். பந்தின் மையத்திலிருந்து விலக விலகக் குறையும் ஈர்ப்புக்குத்தான் 45 பொருந்துகிறது.

இடத்தை ஒப்பிட்ட கணக்கோ நமக்கு இன்னும் அண்டையில் இருக்கிறது. கடலூருக்கு மேற்கே கெடிலக் கரையில் உள்ள திருவந்திபுரத்தை அறியாதவர் இல்லை. தேர்வுக்கு முன்னே பிள்ளைகள் மலையேறிக் கல்விக் கடவுள் அயக்கிரீவரை வணங்கி வருகிறார்கள். அந்த ஊரருகே உலகத்தின் வடிவை அளந்தார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அளவைப் பணியில் இறங்கிய பிரிட்டிஷ் அரசப் படை அதிகாரி வில்லியம் லாம்டன், 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த அடிக்கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு கடற்கரையோரம் தெற்கே வந்தார். அவர் அளந்த முதல் வில்லின் தென்முனைதான் திருவந்திபுரம். வடமுனை சென்னைக்கும் வடக்கே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 175 கிலோமீட்டர். (கம்பெனிக்கு வேண்டியது வரியும் போர்வழியும் என்பதை மறக்கவில்லை நாம். நூல்களில் லாம்டன் பெயர் நிற்கிறது. சங்கிலி சுமந்தவர், கொடி பிடித்தவர், வெயிலில் வெந்தவர் பெயர்களை நாம் கேட்டதில்லை.)

பிறகு இரு முனைகளிலும் ஒரே வேலை. தூக்குக்குண்டு பொருத்திய கருவியால், உச்சியை ஒட்டிக் கடக்கும் விண்மீன், குண்டுநூலின் கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று பார்ப்பது. தூக்குக்குண்டு காட்டுவது ஈர்ப்பின் திசை. விண்மீன் காட்டுவது ஒளியின் திசை. உரோகிணியை எடுத்துக்கொள்வோம், அது திருவந்திபுரத்து உச்சியிலிருந்து ஐந்து பாகைக்குள் கடந்து போகும். எந்த நட்சத்திரத்தில் பிறந்தாய் என்று கேட்பான் சோதிடன். குண்டுநூலுக்கு அது எத்தனை பாகை என்று கேட்டான் அளவைக்காரன். இரு முனைகளுக்கும் இடையே கிடைத்த வேறுபாடு 1 பாகை 35 கலை. அதாவது, திருவந்திபுரத்தில் தொங்கும் குண்டுநூலும் வடமுனையில் தொங்கும் குண்டுநூலும் ஒன்றுக்கொன்று இணையில்லை. எல்லாம் ஒரே திசையில் மேலேறும் தட்டையில் குண்டுநூல்கள் எங்கும் இணையாகவே தொங்கியாக வேண்டும்.

ஒளி வளைகிறது என்ற சாக்கு இங்கே செல்லாது. நேர் உச்சியிலிருந்து இறங்கும் கதிரும் ஈர்ப்பும் ஒரே கோட்டில் இருக்கின்றன. பக்கவாட்டில் இழுக்க எதுவும் இல்லை. உச்சியை விட்டுச் சில பாகை விலகிய விண்மீனைக் காற்று வளைப்பது நான்கைந்து விகலைதான். உலகின் ஈர்ப்பு வளைப்பதோ ஒரு விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிடைத்த வேறுபாடு ஏறத்தாழ 5,700 விகலை. இந்த அளவைக் கொண்டு முழு வட்டத்துக்கும் பெருக்கினால் 39,800 கிலோமீட்டர் வரும். மெய்யான சுற்றளவு துருவங்கள் வழியாக 40,008. குறைந்தது ஏன்? நம் பகுதியில் ஒரு பாகை 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. துருவங்களில் உலகம் சற்றுத் தட்டையாக இருப்பதால் இந்த வேறுபாடு. தட்டை வாதிக்கு நாம் விட்டுக்கொடுக்கக்கூடியது இவ்வளவே: ஆம் ஐயா, தட்டைதான், 298இல் ஒரு பங்கு!

"விண்மீனும் கதிரவனும் அருகிலே தொங்கும் விளக்குகளாக இருந்தால்? தட்டையிலும் கோணம் மாறுமே" என்று ஒருவன் கேட்கலாம். கூரிய கேள்வி, பாராட்டுவோம். அந்தக் கணக்குப்படி விளக்கு ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நமக்கு மாலையாகும்போது கதிரவன் 10,000 கிலோமீட்டருக்கப்பால் வேறொருவன் உச்சியில் இருக்கிறது. தட்டை உலகில் அப்போதும் அது 32 பாகை உயரத்தில், வானத்தின் மூன்றிலொரு பங்கு உயரத்தில், தெரிய வேண்டும். கதிரவன் மறையவே மறையாது! அதை அடிவானத்துக்கு இறக்க ஒளியை 32 பாகை வளைக்க வேண்டும். அதுவும் ஈர்ப்பு வளைக்கும் திசைக்கு எதிர்த்திசையில். சாட்சி ஐன்ஸ்டீன் மறுபடியும் எதிர்க்கட்சிக்கே போய்விடுகிறார்.

சிதம்பரத்துக்கு வருவோம். நடராசர் திருவடிக்குக் கீழேதான் உலகக் காந்த நடுக்கோட்டின் மையம் என்று ஒரு செய்தி ஆண்டுக்கணக்காக உலவுகிறது. கோடு உலகைச் சுற்றி வளையமாகக் கிடக்கிறது. வளையத்தின்மேல் மையப்புள்ளி ஏது? அந்தக் கோடும் சிதம்பரம் வழியாகப் போகவில்லை; திருநெல்வேலிப் பக்கம், 300 கிலோமீட்டர் தெற்கே போகிறது. இந்தியப் புவிகாந்த ஆய்வு நிறுவனம் அங்கே ஆய்வகம் வைத்திருப்பது அதனால்தான். சிதம்பரமும் காஞ்சியும் காளத்தியும் ஒரே தீர்க்கரேகையில் என்ற இன்னொரு செய்தி ஏறத்தாழ மெய்தான். மூன்றும் 79 பாகை 41 கலையை ஒட்டியிருக்கின்றன. ஆனால் தீர்க்கரேகை என்பது துருவத்திலிருந்து துருவத்துக்கு உருண்டையின்மேல் ஓடும் கோடாயிற்றே! முன்னோர் பெருமைக்காகத் தீர்க்கரேகை, புராணத்தின் மானத்துக்காகத் தட்டை உலகம். இரண்டையும் ஒரே கைப்பேசியில் ஒரே மாலையில் அனுப்புகிறார்கள். 499ஆம் ஆண்டில், 23 வயதில், உலகம் உருண்டை என்றும் சுழல்கிறது என்றும் எழுதிய ஆரியபட்டருக்கு இவர்கள் இருபுறத்திலும் இழைக்கும் அவமதிப்பு அது.

சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நேர்வடக்காக ஏறத்தாழ 39 கிலோமீட்டர். பாகையில் 21 கலை. ஏப்ரல் மாதக் கடைசிப் பாதியில் கதிரவன் நாளொன்றுக்கு நகர்வதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே நிழலில்லா நாள் சிதம்பரத்தில் ஏப்ரல் 20ஐ ஒட்டியும், கடலூரில் அதற்கு ஒரு நாள் கழித்தும் வருகிறது. சிதம்பரத்து மாணவரும் கடலூர் மாணவரும் தத்தம் பள்ளித் திடலில் 2 மீட்டர் கம்பொன்றைக் குண்டுநூல் பிடித்து நட்டு, உச்சியில் சிறு துளையிட்ட தகடு பொருத்தட்டும். நிழலின் நுனி மங்கலாக விழும். துளை வழியே விழும் கதிரவன் உருவின் நடுப்புள்ளியைக் குறிக்க வேண்டும். சிதம்பரத்தில் அந்தப் புள்ளி கம்பின் அடியிலேயே விழும் உச்சிப்பொழுதில், கடலூரில் அது 12 மில்லிமீட்டர் வடக்கே தள்ளி விழும்.