1915: ஒரு விடுதியும் ஒரு மதில்சுவரும்

நட்சத்திர விடுதிகளைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை. 'பணக்காரன் தங்குற இடம், அதுல எழுத என்ன இருக்கு' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு விடுதி தன்னையே வரலாறு என்று அறிவித்து அறைகளை வாடகைக்கு விடும்போது இந்த ஒதுக்கல் போதாது. அங்கே விற்கப்படுவது கட்டிலும் மெத்தையும் மட்டுமல்ல, கடந்தகாலம் பற்றிய ஒரு கதையாடலும்தான். அதையும் ஒரு பிரதியாக நாம் வாசித்தாக வேண்டும். சிங்கப்பூர் நகர மையத்திலுள்ள ராஃபிள்ஸ் விடுதியில் தங்க நேர்ந்தபோது எனக்குப் பட்டவற்றை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

1887இல் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் பத்து அறைகளோடு தொடங்கிய விடுதி இது. இன்று படங்களில் பார்க்கிற வெள்ளை முகப்புக் கட்டடம் 1899இல் வந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் (1942-45) இதன் பெயர் 'ஷோனான் ரியோகான்'. 1987இல் தேசிய நினைவுச்சின்னமானது. 1989இல் மூடி, 16 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவழித்துப் புதுப்பித்து, 1991 செப்டம்பரில் திறந்தார்கள். 2017இலிருந்து 2019 வரை மறுபடியும் ஒரு புதுப்பிப்பு நடந்தது.

நூறு வருசக் கட்டடத்துக்கு நூறு முகங்கள் உண்டு. அதில் எதை மீட்பது? 1991இல் முடிந்த வேலையில் அவர்கள் தேர்ந்தெடுத்தது 1915. அதுதான் விடுதியின் உச்சகாலமாம். கட்டடக் கலைஞருக்கு இது ஒரு தொழில்நுட்ப முடிவு. எந்தத் தூண், எந்த நிறம் என்று தீர்மானிக்க அவருக்கு ஒரு தேதி வேண்டும். நமக்கு அப்படியல்ல. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த ஆண்டுக்குள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதுதான்.

விடுதியின் 1915இல் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்ற மதுக்கலவை இருக்கிறது. நியாம் தோங் பூன் என்ற ஹைனானிய ஊழியர் அந்த ஆண்டுவாக்கில் அதை உருவாக்கினார் என்பது விடுதி சொல்லும் கதை.

நகரத்தின் 1915 வேறு. அந்த வருசம் பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூரில் காவலுக்கு இருந்த இந்தியப் படைப்பிரிவான ஐந்தாம் இலகு காலாட்படையின் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். பெரும்பாலும் வட இந்திய முஸ்லிம்கள். துருக்கிக்கு எதிராகப் போரிட அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு அவர்களிடையே பரவியிருந்தது. கலகத்தில் 40க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஆயுதமில்லாத பொதுமக்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்களின் உதவியோடு கலகத்தை அடக்கினார்கள். ராணுவ நீதிமன்றம் 47 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. ஊட்ரம் சிறை மதிலோரமாக நிறுத்தி, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கச் சுட்டார்கள். பிறகு சிங்கப்பூரிலிருந்த இந்தியர் எல்லோரும் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கலகத்தோடு சம்பந்தமே இல்லாத தமிழனும் அதில் அடக்கம். அந்தச் சிறையை 1960களில் இடித்துவிட்டார்கள். அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1915இன் இரண்டு கட்டடங்களில் ஒன்று நினைவுச்சின்னம், இன்னொன்று இல்லை.

விடுதிக்குள் வருவோம். லாங் பார் என்ற மதுக்கூடம் முன்பு முகப்புக் கூடத்தில் இருந்தது. 1915ஐ மீட்பதாகச் சொன்ன அதே புதுப்பிப்பில்தான் அதை இன்னொரு பகுதிக்கு மாற்றினார்கள். அலங்காரம் 1920களின் மலாயாத் தோட்டங்களை நினைவூட்டும்படி செய்யப்பட்டிருக்கிறது. மேலே பனையோலை வடிவ விசிறிகள் வரிசையாக முன்னும் பின்னும் ஆடுகின்றன. காலனிய பங்களாக்களில் இதைக் கயிறு கட்டி இழுக்க ஓர் ஆள் இருந்தான், பங்கா இழுப்பவன். இங்கே மோட்டார். அறையோ குளிரூட்டப்பட்டது, ஆகக் காற்றுக்காகவும் இல்லை. அசைவை வைத்துக்கொண்டு ஆளை நீக்கிவிட்டார்கள். வேர்க்கடலைத் தோலைத் தரையில் போடுவது அங்கே மரபு. குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில் இது ஒரு சலுகை. பெருக்குறது யாருன்னு கேட்டா, அது கதையில் வராது.

1920களின் மலாயாத் தோட்டம் என்றால் நமக்கு என்ன? கங்காணி கூட்டிப்போன சனம், லயம், விடியுமுன் பெரட்டு, பால்மரம். ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பான்மை உழைப்பு தமிழருடையது. தோட்டத்தை அலங்காரமாக்கும்போது துரையின் மாலை நேரம் மட்டும் மிஞ்சுகிறது, கூலியின் காலை நேரம் காணாமல் போகிறது.

தொழிலாளியை முற்றாக மறைத்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நியாம் தோங் பூனின் பெயரைச் சொல்கிறார்கள். அவருடைய உழைப்பு விற்கத்தக்க ஒரு பண்டமாக மாறிவிட்டதால் அந்தப் பெயருக்கு மதிப்பு. மற்றபடி அறைகளுக்குக் கிடைத்த பெயர்கள் சோமர்செட் மாம், கிப்ளிங், கான்ராட் என விருந்தினர்களுடையவை.

'அப்போ இடிச்சிடலாமா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இடித்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ஊட்ரம் சிறை இருக்கிறதே. இதே வட்டாரத்தில், ஸ்டாம்ஃபோர்டு சாலையிலிருந்த செங்கல் நிற தேசிய நூலகத்தை மக்கள் எதிர்ப்பையும் மீறி 2004இல் மூடி, சுரங்கச் சாலைக்காக இடித்தார்கள். பாதுகாப்பதும் இடிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள். நாம் கேட்க வேண்டியது இடிப்பை அல்ல, விடுபட்டதை எழுதச் சொல்வதை.

இது சிங்கப்பூர் விவகாரம் என்று நாம் தள்ளி நிற்கவும் முடியாது. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தார் வீடுகள் பாரம்பரிய விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல் பற்றியெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்குச் சுழன்ற பணம், அந்த வட்டியைக் கட்டிய விவசாயி, தோட்டத்தில் வேலை செய்த கூலி, இவர்களுக்கு அந்த வீடுகளின் எந்தச் சுவரில் இடம் கொடுத்திருக்கிறோம்? ராஃபிள்ஸிடம் கேட்கிற கேள்வியை அங்கேயும் கேட்கத் தயாராக இருந்தால்தான் இந்த வாசிப்புக்கு அர்த்தம் உண்டு.