மையவாடியின் சாவி

திருக்குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம், ஏழாம் வசனம் தன்னைப் பற்றியே பேசுகிறது. வேத வசனங்களில் சில தெளிவானவை, சில பல பொருளுக்கு இடம் தருபவை என்று அது பிரிக்கிறது. இரண்டாம் வகையின் உட்பொருளை அறிந்தவர் யார்? ‘அல்லாஹ்வைத் தவிர’ என்ற இடத்தில் நிறுத்தி ஓதினால், இறைவன் மட்டுமே அறிவான் என்றாகிறது. நிறுத்தாமல் ஓதினால், கல்வியில் ஊன்றியவர்களும் அறிவார்கள் என்றாகிறது. மூல வரியில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. மூச்சு விடும் இடம்தான் மாறுகிறது. பெரும்பாலான அறிஞர்கள் முதல் வாசிப்பை ஏற்றார்கள். இப்னு அப்பாஸின் மாணவர் முஜாஹித் போன்றோர் இரண்டாவதன் பக்கம் நின்றார்கள். இரு கருத்துகளும் ஒரே தஃப்ஸீர் நூலில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. ஒரு தரப்பைப் படித்தவர் மறுதரப்பைக் காஃபிர் என்று சொன்னதில்லை.

விளக்கத்தில் வேறுபடுவது இஸ்லாமிய அறிவுமரபுக்குப் புதிதல்ல, அதன் அன்றாடப் பழக்கமே அதுதான். பிறரை இறைமறுப்பாளர் என அறிவிக்கும் தக்ஃபீர் வேறு வகையான செயல். அதைத் தொடங்கிவைத்தவர்கள் 657-இல் நடந்த ஸிஃப்பீன் போருக்குப் பின் பிரிந்த காரிஜிய்யாக்கள். மனிதரை நடுவராக ஏற்றதே இறைமறுப்பு என்று சொல்லி கலீஃபா அலீ அவர்களையே மதத்திலிருந்து விலக்கினார்கள். 661-இல் அவர்களில் ஒருவன் அவரைக் கொன்றான்.

தக்ஃபீர் பற்றி நிதானமாக எழுதப்பட்ட நூல் இமாம் கஸ்ஸாலியின் ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’. நபியைப் பொய்ப்பிப்பது இறைமறுப்பு; நபியின் சொல்லுக்கு வேறு பொருள் கொள்வது பொய்ப்பிப்பதாகாது என்பது அவரது அடிப்படை. சொல் சுட்டும் பொருள் புறத்தே இருப்பது முதல் உவமையாக நிற்பது வரை ஐந்து நிலைகளில் இருக்கலாம் என்று அவர் வரிசைப்படுத்தினார். கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள் விஷயத்தில் நாவைக் காக்கச் சொன்னார். இதே கஸ்ஸாலிதான் மூன்று கருத்துகளுக்காகத் தத்துவவாதிகளைக் காஃபிர் என்றும் எழுதினார். எல்லைக்கோடே வேண்டாம் என்றவர் அல்ல அவர். கோட்டை வரையும் கை நடுங்க வேண்டும் என்றவர்.

நான் வசிக்கும் பெங்களூரில் எல்லாத் தரப்பும் உண்டு. நாகவாராவில் உள்ள ஸபீலுர் ரஷாத் அரபிக் கல்லூரியை நிறுவிய அபுஸ் ஸவூத் அஹ்மத், வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் படித்த பாகவி. காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கு இந்துக்களின் கரக ஊர்வலம் ஆண்டுதோறும் வந்து போகிறது. ஜான்சன் மார்க்கெட் அருகே ஷியாக்களின் மஸ்ஜிதே அஸ்கரி இருக்கிறது. ஷீராஸிலிருந்து குதிரை வணிகராக வந்த அலி அஸ்கரின் பேரர் மிர்ஸா இஸ்மாயில் 1926 முதல் 1941 வரை மைசூர் திவானாக இருந்தார். அந்தத் திவான் ஷியாவா சுன்னியா என்று இன்று இந்த நகரில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் உள்ள கசப்பு இங்கும் உண்டு. அதில் பெரும்பகுதி வடக்கிலிருந்து வந்தது. பரேலியின் அஹ்மத் ரிஸா கான் 1906 வாக்கில் மக்கா, மதீனா அறிஞர்களின் கையொப்பங்களுடன் ‘ஹுஸாமுல் ஹரமைன்’ தொகுத்து, தேவ்பந்தின் மூத்த அறிஞர்களைக் காஃபிர் என்றார். தேவ்பந்த் தரப்பில் கலீல் அஹ்மத் ஸஹாரன்பூரி மறுப்பு எழுதினார். இரு தரப்பும் ஹனஃபி மத்ஹப். இரு தரப்பும் தரீக்காக்களை ஏற்பவை. தூரத்தில் இருப்பவனைவிடப் பக்கத்து ஸஃப்பில் நிற்பவன் மீதே தக்ஃபீர் அதிகம் பாய்கிறது.

தமிழ் பேசும் முஸ்லிம்களின் அனுபவத்தில் இதன் கொடிய வடிவம் இலங்கையின் காத்தான்குடியில் நிகழ்ந்தது. எல்லா இருப்பும் ஒன்றே என்ற வஹ்தத்துல் வுஜூத் கொள்கையைப் பேசிய அப்துர் ரவூப் மௌலவியையும் அவரைப் பின்பற்றுபவர்களையும் மதம் மாறியவர்கள் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 1979-இல் ஃபத்வா கொடுத்தது. அதே ஊரில் ‘பயில்வான்’ என்று அழைக்கப்பட்ட இன்னொரு சூஃபி குரு 2006 டிசம்பரில் இறந்தபோது கலவரம் மூண்டது. அடக்கம் செய்த உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஜனாஸாவைக் கண்டால் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்த மார்க்கத்தின் பெயரால் இது நடந்தது. ஆத்திரமில்லாமல் இதை எழுத என்னால் முடியவில்லை.

2017 மார்ச்சில் ரவூப் மௌலவியின் ஆதரவாளர்களோடு மோதிவிட்டுத் தலைமறைவானவர்தான் தேசிய தௌஹீத் ஜமாஅத்தின் ஸஹ்ரான் ஹாஷிம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று அவரும் கூட்டாளிகளும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். ஃபத்வா கொடுத்தவர்கள் இந்தக் கொலைகளைச் செய்யச் சொல்லவில்லை, அவற்றைக் கண்டித்தார்கள். ஆனால் அடுத்த தெருவிலிருப்பவனை முஸ்லிம் கணக்கிலிருந்து நீக்கப் பழகிய ஓர் ஊரில்தான் ஸஹ்ரான் வளர்ந்தார் என்பதை ஒதுக்கிவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பேச முடியாது.

தமிழகத்தில் இரத்தம் குறைவு, விலக்கம் அதிகம். தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல், குடி குறித்து எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007-இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். ஞானி பீர்முஹம்மது அப்பாவின் தர்கா இருக்கும் ஊர் அது. ரவூப் மௌலவி பேசிய அதே இருப்பொருமைத் தத்துவத்தின் சாயல் கொண்ட ஞானப்பாடல்களை அங்கே ஆண்டுதோறும் இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுகிறார்கள். பாட்டில் அத்தனை துணிவை ஏற்ற ஊருக்கு ஒரு கட்டுரையைப் பொறுக்க மனம் வரவில்லை. ரசூல் 2017-இல் காலமானார்.

தௌஹீத் இயக்கங்கள் தர்கா வழிபாட்டைக் கேள்வி கேட்டபோது நேரடி வாசிப்பின் பெயரால் கேட்டன. அந்தக் கேள்விக்கு நியாயம் இருந்தது. குர்ஆனைத் தமிழில் வாசிக்கும் பழக்கத்தை அவை பரப்பியதையும் மறுக்கக் கூடாது. ஆனால் அந்த இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளர் பீ. ஜைனுல் ஆபிதீன், சூனியம் பற்றிய நபிமொழி புகாரியிலேயே இருந்தாலும் குர்ஆனுக்கு முரண் என்று மறுத்தார். அதோடு நிற்காமல், சூனியத்தை நம்புவது இணைவைப்பு, நம்பும் இமாமின் பின்னால் தொழக் கூடாது என்ற இடத்துக்குப் போனபோது, ஒரே இயக்கத்தில் வளர்ந்தவர்களே இரண்டு ஜமாஅத்தாக நின்றார்கள்.

யார் முஸ்லிம் என்ற இந்த வழக்கைச் சட்டம் நூறாண்டுக்கு முன்பே சந்தித்துவிட்டது. மலபாரில் ஒருவர் அஹ்மதியா இயக்கத்தில் சேர்ந்தார். அவர் மதம் மாறிவிட்டார், நிக்காஹ் முறிந்தது என்று கருதி மனைவி வேறொருவரை மணந்தார். நரந்தக்கத் அவுல்லா வழக்கில் 1922-இல் சென்னை உயர் நீதிமன்றம், அஹ்மதிகள் முஸ்லிம்களே, முதல் மணம் முறியவில்லை என்றது. இதன் மறுபக்கமும் உண்டு: கொடுமைக்கார கணவனிடமிருந்து தப்ப வேறு வழியில்லாமல் பஞ்சாபில் பெண்கள் தங்களையே மதம் மாறியவர்களாக அறிவித்தார்கள். அதைக் கண்டு கலங்கிய உலமாக்களின் முயற்சியும் சேர்ந்துதான் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பிறந்தது. விவாகரத்துக்கான காரணங்களைச் சட்டம் பட்டியலிட்டது. மனைவி மதம் மாறினாலே மணம் முறியும் என்ற விதி போனது.

பாகிஸ்தானில் அஹ்மதிகளுக்கு எதிரான 1953 கலவரத்தை விசாரித்த முனீர் ஆணையம், முஸ்லிம் என்றால் யார் என்று உலமாக்களைக் கேட்டபோது, எந்த இருவரின் விடையும் ஒத்துப்போகவில்லை. அப்படியிருந்தும் 1974-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அஹ்மதிகளை முஸ்லிம் அல்லாதோர் என்று அரசியல் சாசனத்தில் எழுதியது. 2005-இல் அம்மானில் கூடிய அறிஞர்கள் சுன்னி, ஷியா, இபாழி உள்ளிட்ட எட்டு மத்ஹபுகளை ஏற்று, அவற்றைப் பின்பற்றுவோரைக் காஃபிர் என்பதைத் தடை செய்தார்கள். நல்ல ஆவணம். ஆனால் அம்மானின் கையொப்பம் எந்த ஊர் மையவாடியின் பூட்டையும் திறக்காது. நம் ஊர்களில் தக்ஃபீருக்குப் பல் முளைப்பது நூல்களில் அல்ல. நிக்காஹ் தஃப்தரிலும் அடக்கம் செய்யும் நிலத்திலும்தான்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். கொள்கை விவாதத்தை எத்தனை இரவு வேண்டுமானாலும் நடத்துங்கள். ஆனால் கலிமா சொன்ன எவருக்கும் எந்த ஃபத்வாவின் பெயராலும் கப்ர் மறுக்கப்படாது, நிக்காஹ் பதிவு நிறுத்தப்படாது என்ற ஒரு வரியை உங்கள் ஜமாஅத்தின் விதிகளில் இந்த ஆண்டுப் பொதுக்குழுவிலேயே சேர்த்துவிடுங்கள்.